துப்பாக்கியைத் தோளில் மாட்டினால் மானம் வந்துவிடுமா?



ஜீவனஹள்ளியிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் சில மாதங்களாக ஒரு பேச்சு அடிபடுகிறது. பேசுகிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். டீக்கடையில், ஆட்டோ ஸ்டாண்டில், ஏன், நமது சங்கத்தின் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டே பேசுகிறார்கள். "1991-ல் நம்மவர் கையில் நாலு துப்பாக்கி இருந்திருந்தால் ஒருத்தன் நம் வாசலை மிதித்திருப்பானா? நாமும் லைசென்ஸ் வாங்க வேண்டும், நாலு பேர் பார்க்கும்படி மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும், அப்போதுதான் மதிப்பு" என்கிறார்கள். இப்படிச் சொல்பவர்களில் பாதிப் பேர் 1991-ல் பிறக்கவே இல்லை. பிறந்திருந்த நாம் சில சங்கதிகளைச் சொல்லியாக வேண்டும்.

அந்த ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு மத்திய அரசின் கெஜட்டில் வெளியானது. 12, 13 தேதிகளில் பெங்களூர் எரிந்தது. நம்மவரின் குடிசைகள் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் குழந்தை குட்டிகளோடு ரயிலேறி ஊரைப் பார்த்து ஓடினார்கள். இதையெல்லாம் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். கேள்விப்படாத சங்கதி ஒன்று உண்டு. அந்த நாட்களில் செத்தவர்களில் பலர் போலீஸ் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர்கள். கலவரக்காரன் கொண்டுவந்தது கல், தீப்பந்தம், பெட்ரோல். துப்பாக்கியோடு வந்தது அரசாங்கம். அந்த நேரத்தில் நம் சந்திலிருந்து ஒரு வேட்டு, ஒரே ஒரு வேட்டு கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "தமிழர்கள் சுடுகிறார்கள்" என்ற ஒரு வரி போதும், நமது பகுதி முழுவதையும் சல்லடையாக்கியிருப்பார்கள். அதற்குப் பிறகு நமக்காகப் பேச ஒரு கன்னடத் தோழர்கூட வாய் திறந்திருக்க முடியாது. அன்று எத்தனையோ கன்னடக் குடும்பங்கள் நம்மவரை வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றின என்பதையும் இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

2016 செப்டம்பர் 12-ஆம் தேதி மறுபடியும் அதே கதை. பஸ்கள் கொத்துக்கொத்தாய் எரிந்தன. ஹெக்கனஹள்ளியில் போலீஸ் சுட்டது. செத்தது ஒரு கன்னட இளைஞர். குண்டு பாஷை கேட்டுப் பாயவில்லை.

சரி, லைசென்ஸ் சங்கதிக்கு வருவோம். இந்த நாட்டில் துப்பாக்கியை யார் வைத்துக்கொள்ளலாம், யார் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம் என்று முதலில் தீர்மானித்தவன் யார்? வெள்ளைக்காரன். 1857-ல் வாங்கிய அடியில் அவனுக்குத் தூக்கம் போயிற்று. 1860-ல் ஆயுதப் பறிப்புச் சட்டம் போட்டான். 1878-ல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், வெள்ளைத்தோலுக்கு வேண்டாம். அதே 1878-ல் அதே லிட்டன்தான் நாட்டு மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டத்தையும் கொண்டுவந்தான் என்பதைக் கவனியுங்கள். பத்திரிகைச் சட்டம் நாலைந்து வருஷத்துக்குள் ஒழிந்தது, 1882-ல் தமிழில் 'சுதேசமித்திரன்' வந்துவிட்டது. ஆயுதச் சட்டமோ 1959 வரை ஆணி அடித்தாற்போல் நின்றது. இரண்டில் எதைக் கண்டு அவன் அதிகம் பயந்தான் என்று நம் பிள்ளைகள் பட்டிமன்றம் வைத்துப் பேசட்டும். நமக்கு ஆட்சேபணை இல்லை.

நமது கன்டோன்மென்ட் பக்கத்து நிலைமையைப் பாருங்கள். 1809-ஐ ஒட்டி வெள்ளைக்காரப் பட்டாளம் இங்கே கூடாரம் அடித்தபோது அதன் பின்னாலேயே வந்தவர்கள் நம் முன்னோர். சமையல்காரன், சலவைக்காரன், குதிரைக்காரன், கூலி, சிப்பாய். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் நம்மவர் பேர் போட்டார்கள், 'தம்பி'கள் என்றே அந்தப் படைக்குச் செல்லப்பெயர். வெள்ளைக்காரனுக்காகத் துப்பாக்கி தூக்கலாம், அவன் காட்டிய திசையில் சுடலாம். பென்ஷன் வாங்கி வீட்டுக்கு வந்தபிறகு சொந்தமாக ஒன்று வேண்டுமென்றால் துரையிடம் மனு எழுதிக்கொண்டு நிற்க வேண்டும். காக்ஸ் டவுன் பங்களாவில் இருந்த துரைக்கோ மனுவும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது.

நாம் இருக்கும் இந்தக் கர்நாடக மாநிலத்திலேயே இன்றைக்கும் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி பெற்றவர்கள் உண்டு. குடகு மாவட்டத்தின் கொடவர்களும், அங்கே 'ஜம்மா' என்ற நிலப்பாத்தியதை உடையவர்களும்தான் அவர்கள். நம் இளைஞர்கள் இதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். "அவர்களுக்கு உண்டு, நமக்கு ஏன் இல்லை?" நியாயமான கேள்விதான். அந்தச் சலுகை எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு கேட்டால் இன்னும் நியாயமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோமே கப்பன் பார்க், அந்தப் பெயருக்குரிய மார்க் கப்பன் துரைதான் அந்தச் சலுகையைக் கொடுத்தவர். மைசூருக்கும் குடகுக்கும் கமிஷனராக இருந்தவர், பதவியை விட்டுப் போகும் தறுவாயில், 1861 பிப்ரவரியில், குடகு மக்களுக்கு ஆயுதப் பறிப்புச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்து உத்தரவு போட்டார். எதற்காக? அவர்களது விசுவாசத்துக்காக, கம்பெனி சர்க்காருக்கு அவர்கள் செய்த சேவைக்காக. என்ன சேவை? 1837-ல் சுள்ளியா, புத்தூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் கம்பெனியின் வரிக்கொடுமையை எதிர்த்து எழுந்து மங்களூர் வரை போனார்களே, அந்த எழுச்சியை அடக்கக் குடகின் பெருந்தலைகளில் பலர் வெள்ளைக்காரனுக்கு உதவினார்கள், அதற்குத் தங்கத்திலும் வெள்ளியிலும் மெடல் வாங்கினார்கள். எழுந்தவர்களில் ஒருவரான குட்டெமனெ அப்பையா கௌடரை மடிக்கேரிக் கோட்டையில் தூக்கில் போட்டார்கள். அவரும் குடகுக்காரர்தான்! அவருக்குக் கிடைத்தது கயிறு, விசுவாசிக்குக் கிடைத்தது துப்பாக்கி.

கொடவ மக்களைப் பழித்து எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கரியப்பாவையும் திம்மையாவையும் தந்த மண் அது. அறுவடைத் திருநாளில் வானத்தை நோக்கி வேட்டுப் போடுவதும், ஆயுத பூஜை போல ஒரு நாளில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவதும் அவர்கள் வழக்கம். அந்தத் துப்பாக்கிகளால் நாட்டில் பெரிய கேடு நடந்துவிட்டது என்றும் நாம் சொல்லவில்லை. நாம் கேட்பது அரசாங்கத்தை. சுதந்திர நாட்டில் ஒரு உரிமை பிறப்பைப் பார்த்தும் நிலத்தைப் பார்த்தும் எப்படி வரலாம்? அதே குடகில் எரவர், ஜேனு குருபர் என்ற ஆதிக்குடிகள் இருக்கிறார்கள். காடே அவர்களுடையது, ஆனால் சலுகைப் பட்டியலில் கொடவரும் ஜம்மாக்காரரும்தான் உண்டு. அங்கே காப்பி எஸ்டேட் லைன் வீடுகளில் நம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. விடியற்காலை இருட்டில் காப்பிச் செடிக்கு நடுவே யானை நிற்குமோ என்று நடுங்கிக்கொண்டு வேலைக்குப் போவது அந்தப் பெண்கள், மிதிபட்டுச் சாவதும் அவர்கள். துப்பாக்கி பங்களாவில் இருக்கிறது.

2019 அக்டோபரில் மத்திய அரசு இந்த விலக்கை 2029 வரை நீட்டியது. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் இது சமத்துவத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார். 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது. போர்க்குடி, பரம்பரை வழக்கம், சுதந்திரத்துக்கு முன்பிருந்தே உள்ளது என்பதெல்லாம் காரணம். தீர்ப்பை மதிக்கிறோம். ஆனால் 'போர்க்குடி' என்ற சொல் வெள்ளைக்காரனின் ரெக்ரூட்டிங் ஆபீசில் அச்சடித்த சொல் என்பதை மறந்துவிடவில்லை. அந்த ஆபீஸ் ஒரு ஜாதியை வீரன் என்று பதிவு செய்தபோதெல்லாம் பக்கத்து ஜாதியைக் கோழை என்று பதிவு செய்தது.

"அப்படியானால் எல்லாருக்கும் கொடு" என்று ஒரு கட்சி. இது புதிய கட்சி அல்ல. 1930-ல் காந்தி வைஸ்ராய் இர்வினிடம் வைத்த பதினோரு கோரிக்கைகளில் தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸும் ஒன்று. அகிம்சையின் அவதாரம் கேட்டிருக்கிறார்! 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்வது குடிமகனின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக எழுதப்பட்டது. அப்போது அதன் அர்த்தம் வேறு. வெள்ளையன் தோளில் இருப்பது இந்தியன் தோளில் ஏன் இருக்கக்கூடாது என்பதே அன்றைய கேள்வி. வெள்ளையன் போனான். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காமத் இதை அடிப்படை உரிமையாகச் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவில் நமக்குக் கிடைத்தது என்ன? அமைதியாகவும் ஆயுதம் இல்லாமலும் கூடும் உரிமை. 'ஆயுதம் இல்லாமலும்' என்ற அந்தச் சொற்கள் யாருக்காக என்று நினைக்கிறீர்கள்? ஆயுதம் வாங்க வழியில்லாத நமக்காக. ஒரு பக்கம் ஆயிரம் கூலிக்காரர், மறுபக்கம் பத்துத் துப்பாக்கிக்காரர் என்று கூட்டம் கூடினால் அந்த ஆயிரத்துக்கு மதிப்பில்லை. ஆயுதம் கூடாது என்றால்தான் எண்ணிக்கைக்கு மதிப்பு. நம்மிடம் இருப்பது எண்ணிக்கை ஒன்றே.

தஞ்சாவூர்ச் சீமையில் கீழவெண்மணி என்ற பெயர் தெரியாத தமிழன் இருக்கக்கூடாது. 1968 டிசம்பர் 25. அரைப்படி நெல் கூலி உயர்வுக்காகவும் செங்கொடிக்காகவும் நின்ற சேரி மக்களைத் துப்பாக்கியோடு வந்து சுட்டார்கள் மிராசுதாரரின் ஆட்கள். குடிசைக்குள் ஒண்டியவர்களை அப்படியே கொளுத்தினார்கள். 44 உயிர். கடைசியில் உயர் நீதிமன்றத்தில் மிராசுதாரர்கள் விடுதலை! லைசென்ஸ் மனு போகும் பாதையைப் பாருங்கள். கிராமத்திலே கலெக்டர், பட்டணத்திலே போலீஸ் கமிஷனர், நடுவில் லோக்கல் ஸ்டேஷனின் ரிப்போர்ட், அப்புறம் பல மாதச் சம்பளத்தை விழுங்கும் விலை. இந்தப் பாதையில் மிராசுதாரனும் ரியல் எஸ்டேட்காரனும் நம்மை முந்துவானா, நாம் அவனை முந்துவோமா? "எல்லாருக்கும் துப்பாக்கி" என்றால் நடைமுறையில் "இருக்கிறவனுக்குத் துப்பாக்கி" என்றுதான் வந்து முடியும்.

அமெரிக்காவைக் காட்டுகிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்த உறவினர் செல்போனில் படம் அனுப்புகிறார், கடையில் காய்கறி வாங்குகிறவன் இடுப்பில் கைத்துப்பாக்கி! உண்மைதான், அங்கே பல மாநிலங்களில் சட்டமே அனுமதிக்கிறது. கலிபோர்னியாவின் கதையையும் கேளுங்கள். 1967 வரை குண்டு நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தி நடக்க அங்கே தடையில்லை. கறுஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பு இளைஞர்கள் அதே சட்டத்தைப் படித்துப் பார்த்து, துப்பாக்கியோடு போலீஸ் காருக்குப் பின்னாலேயே ரோந்து போனார்கள். அந்த ஆண்டு மே 2-ஆம் தேதி முப்பது பேர் துப்பாக்கிகளோடு சட்டசபைக் கட்டிடத்துக்குள் நுழைந்தார்கள். சில வாரங்களில் சட்டம் மாறிவிட்டது! கையெழுத்துப் போட்டவர் கவர்னர் ரீகன். வெள்ளைக்காரன் தோளில் இருந்தவரை அது உரிமை, கறுப்பன் தோளுக்கு வந்ததும் அபாயம். ஜீவனஹள்ளித் தமிழன் மாட்டிக்கொண்டு நடந்தால் இங்கே எத்தனை வாரம் ஆகும்? வாரக்கணக்கு எதற்கு, அன்று சாயங்காலமே ஆகிவிடும்.

உலகத்திலே தனியார் கையில் அதிகத் துப்பாக்கி உள்ள நாடு அமெரிக்கா. அடுத்த இடம் இந்தியாவுக்குத்தான் என்றால் பலர் நம்ப மாட்டீர்கள். ஜெனீவாவில் உள்ள ஒரு ஆராய்ச்சி நிறுவனம் 2018-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 7.1 கோடி. அதில் பதிவானது 97 லட்சம்தான். மீதி நாட்டுத் துப்பாக்கியும் கள்ளத் துப்பாக்கியும். இந்தக் கள்ளச் சரக்கைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. லைசென்ஸ் இல்லாமல் கையில் வைத்திருந்து அகப்பட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது இரண்டு வருஷம் உள்ளே போக வேண்டும். விளையாட்டு இல்லை.

இந்த இடத்தில்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். லைசென்ஸ் இருந்தால் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலோ பையிலோதான் வைத்துப் போக வேண்டும், நீளத் துப்பாக்கிக்கும் அதற்கேற்ற உறை வேண்டும், வெளியில் தெரியாமல் மூடியிருக்க வேண்டும். கல்யாணம், ஊர்வலம், திருவிழா, பொதுக்கூட்டம் எதிலும் எடுத்துக் காட்டக்கூடாது, சுடக்கூடாது. 2019 திருத்தத்தின்படி கொண்டாட்டத்துக்காகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்ததும் அந்தத் திருத்தம்தான். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக்கூட ஸ்டேஷனில் கொண்டுவந்து வை என்கிறார்கள். ஏன்? கண்ணுக்குத் தெரியும் துப்பாக்கி சுடாமலேயே வேலை செய்யும் என்று அரசாங்கத்துக்கே தெரியும். தேர்தல் மாதத்தில் தெரிகிற உண்மை மற்ற மாதங்களில் மறந்துபோவதுதான் விந்தை!

சட்டப் புத்தகம் இப்படியிருக்க, தெருவைப் பாருங்கள். நம் பகுதியில் ஒரு திறப்பு விழா என்றால், ஒரு கல்யாணம் என்றால், பெரிய மனிதர் காரை விட்டு இறங்குகிறார், பின்னாலேயே சஃபாரி போட்ட இரண்டு கன்மேன்கள். சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் இரட்டைக்குழல் நிற்கிறது. யார் இவரைச் சுட வரப்போகிறார்கள்? பந்தியில் உட்கார்ந்திருக்கும் கொத்தனாரா, பூக்காரியா? அது பாதுகாப்புக்காக வந்த துப்பாக்கி அல்ல. "இந்த இடத்துப் பட்டா யார் பேரில்" என்று நாளை நீங்கள் கேட்காமல் இருப்பதற்காக இன்றைக்கே காட்டிவைக்கிற துப்பாக்கி. 2024-ல் கொத்தனூர் போலீசார் ஒரு இளைஞரைப் பிடித்தார்கள். ஏ.கே. 47 ஏந்திய பாதுகாவலர்களோடு தெருவில் உலாவி, படம்பிடித்து, செல்போனில் பரப்பியிருக்கிறார். பார்த்தவர்கள் பயந்தார்கள். விசாரித்தால் துப்பாக்கி பொம்மை! பொம்மைக்காரனைப் பிடித்தது சரியே. நிஜத் துப்பாக்கியோடு பந்தியில் நிற்பவனிடம் "உறை எங்கே?" என்று கேட்ட போலீசை நாம் இதுவரை பார்த்ததில்லை.

அந்தக் கன்மேனும் ஒரு கூலிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேங்க் வாசலிலும் பண வேனிலும் பழைய பன்னிரண்டு போர் துப்பாக்கியோடு நிற்கிறவர்களில் நம் அண்ணன் தம்பிகளும் உண்டு, பீகாரியும் ஒரியாக்காரரும் உண்டு. பன்னிரண்டு மணி நேர நிற்பு, உட்கார நாற்காலி இல்லை, கொள்ளைக்காரன் வந்தால் முதல் குண்டு இவருக்கு. கோடிக்கணக்கான பணத்தைக் காக்கிறவர் வீட்டுக்குப் போக பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணுகிறார். அவர்கள் மேல் நமக்குக் கோபம் இல்லை. அவர்கள் சங்கமாகச் சேர வந்தால் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வோம்.

அரசாங்கமே வெளிப்படையாக ஏந்தி நிற்கும் துப்பாக்கியை விட்டுவிடுவதா? 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 தமிழ்க் கூலிகள். செம்மரக் கடத்தல் என்றார்கள். மரம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்க அவர்களில் ஒருவரையும் உயிரோடு விடவில்லை. திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்துக் கிராமங்கள் அவர்கள் ஊர். நமக்கும் அதே ஊர்கள்தான். 2018 மே 22, தூத்துக்குடி. வேனின் கூரைமேல் ஏறி மஞ்சள் பனியனோடு குறிபார்த்த போலீஸ்காரரை உலகமே பார்த்தது. ரயில்வேத் தொழிலாளிகளான நம்மைத் தூங்கவிடாத சங்கதி இன்னொன்று. 2023 ஜூலை 31 அதிகாலை ஜெய்ப்பூர்–மும்பை ரயிலில், பயணிகளின் காவலுக்கென்று ரைபிளோடு ஏறிய ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலரே தன் மேலதிகாரியைச் சுட்டார். அப்புறம் பெட்டி பெட்டியாக நடந்து மூன்று பயணிகளைச் சுட்டார். மூவரும் முஸ்லிம்கள். ரயிலில் ஓடி ஒளிய இடம் ஏது? பயணிகளிடம் துப்பாக்கி இருந்திருந்தால் என்று இங்கேயும் யாராவது ஆரம்பிக்கலாம். ஓடுகிற ரயில் பெட்டிக்குள் நாலு திசையிலிருந்தும் சுட்டுக்கொண்டால் எத்தனை பிணம் இறங்கியிருக்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

ஆகவே லைசென்ஸ் கேட்டு மனுப் போட நமது சங்கம் யாருக்கும் சிபாரிசுக் கடிதம் கொடுக்காது. கேட்டு வந்தவர்களிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியாயிற்று. பிறந்தநாள் என்று நடுத்தெருவில் பட்டாக்கத்தியால் கேக் வெட்டிப் படம் எடுக்கிற பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கும் சொல்கிறோம். அந்தப் படமே போலீசுக்குச் சாட்சி, ஆயுதச் சட்டத்தில் கேஸ் எழுத அதுவே போதும். கேஸ் எழுதும்போது அட்ரஸில் ஜீவனஹள்ளி என்றும் பெயரில் தமிழ் என்றும் இருந்தால் பேனா எவ்வளவு வேகமாக ஓடும் என்று உங்களுக்கே தெரியும்.

போலீஸ் கமிஷனருக்கு மனு தயாராக இருக்கிறது. கேட்டிருப்பது மூன்றே விஷயம். 2016 விதிகளில் உள்ள உறைச் சட்டத்தைப் பெரிய மனிதரின் கன்மேன்களிடமும் அமல்படுத்த வேண்டும். கல்யாண மண்டபங்களிலும் கோவில் திருவிழாக்களிலும் துப்பாக்கி கூடாது என்று கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் போர்டு வைக்க வேண்டும். விதி மீறியவரின் லைசென்ஸை ரத்து செய்ய வேண்டும். கன்னட நண்பர்களிடமும் கையெழுத்து வாங்குகிறோம், இதுவரை கேட்டவர்களில் ஒருவர்கூட மறுக்கவில்லை. குடகுச் சலுகை 2029-ல் மறுபடி நீட்டிப்புக்கு வரும்போது எழுத வேண்டிய மனு தனி, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை சங்க அலுவலகத்தில் மனுவும் பேனாவும் இருக்கும். வீட்டுக்கு ஒருவர் என்று நினைக்க வேண்டாம், பெண்களும் தனித்தனியாகப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம், மை வாங்கி வைத்திருக்கிறோம்.